பிளஷருக்குப் பூக் கேட்ட கதை

எங்கள் வீட்டில் கார் வாங்கிய கதையை எடுத்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன கார்?" என்றுதான். திண்டுக்கல் வக்கீல் ஒருவர் ஓட்டி அலுத்துப்போன பழைய கறுப்புக் கார். அவ்வளவுதான், ஒரு வரியில் முடிந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு வரிக்கு முன்னால் ஏழு வருஷ விசாரணை இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

நான் பிறந்தது கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூர். வாழ்க்கைப்பட்டது பழனி அடிவாரம். செண்பகனூரில் நாங்கள் கார் என்போம். பழனியில் அதற்குப் பெயர் பிளஷர். வந்த புதிதில் நான் கார் என்று சொன்னதற்கு, "மலைக்காரி இங்கிலீஷ் பேசுறா" என்று நாத்தனார் ஒரு வாரம் சிரித்தாள். பிளஷர் மட்டும் என்ன திருப்புகழில் வருகிற சொல்லா என்று கேட்டேன். அதோடு சிரிப்பு நின்றது.

அப்பா கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிற போளூர்க்காரர். பூண்டு விவசாயத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு செண்பகனூருக்கு வந்து, பங்களாத் தோட்டங்களில் பேரி மரங்களுக்குக் கிளை நறுக்கிக் கவாத்து பண்ணுகிற வேலையில் நிலைத்துவிட்டவர். துரைமார் வந்து கூப்பிட்டாலும் ஏணியை விட்டு இறங்காமல் மேலிருந்தபடியே பதில் சொல்லுகிற ரோஷக்காரர். ஐம்பதுகளின் நடுவில், எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு என் கல்யாணம் நடந்தது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் பஸ் ஏறும்போது என் மாமியார் மரியாதைக்கு, "சம்பந்தி, எப்ப நம்ம வீட்டுக்கு வரப்போறீங்க?" என்று கேட்டார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பொண்ணக் குடுத்தவன் பஸ்ஸுல இடிபட்டு வந்து நிக்க மாட்டேங்க. மாப்ள கார் கொண்டாரட்டும், ஏறி உக்காந்து வர்றேன்."

சபையில் சொன்ன சொல். என் வீட்டுக்காரர் பட்டு வேட்டியில் நின்றிருந்தார். புது மாப்பிள்ளைக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, "ஒரு வருஷம் டயம் குடுங்க மாமா, சொந்த வண்டியில நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸில் மலை இறங்கி வத்தலக்குண்டு சேருகிற வரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் கண்ணை மூடி முருகனை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்கு அடிவாரத்தில் அர்ச்சனைச் சாமான் கடை. தேங்காய், சூடம், பூ எல்லாம் உண்டு. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமெல்லாம் யார் புதிதாக வண்டி வாங்கினாலும் முதல் ஓட்டம் பழனிக்குத்தான். அடிவாரத்துப் பிள்ளையார் கோயில் முன்னால் வண்டியை நிறுத்தி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவார்கள். பழம் எங்கள் கடைப் பழம். சக்கரத்துக்கு அடியில் குனிந்து வைப்பவர் என் வீட்டுக்காரர். பழத்தை வைத்துவிட்டு நிமிரும்போது, "வண்டி எப்படிங்க?" என்று கேட்பார். பிறகு கடைக்கு வந்து, முருகன் படம் போட்ட நோட்டில் எழுதிக்கொள்வார். இதுதான் அவர் விசாரணை.

பொள்ளாச்சி மிராசுதார் ஒருவர், "வண்டியா? சாட்சாத் மயில் வாகனமுங்க!" என்றார். அவர் அதை வாங்கி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. நோட்டில், "மயில் வாகனம்போல் ஓடும்" என்று ஏறியது. உடுமலையிலிருந்து குடும்பத்தோடு நேர்த்திக்கடன் செலுத்த வந்த ஒருவர், "இறக்கத்துல பிரேக் புடிக்கலைங்க. நேரா போயி புளியமரத்துல மோதி நின்னுச்சு. நாலு பேருக்கும் ஒரு கீறல் இல்ல பாத்துக்கங்க. எல்லாம் அவன் செயல்" என்று கண் கலங்கினார். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டைப் புரட்டினேன். "மோதினாலும் சேதம் கிடையாது. மிக நல்ல வண்டி" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தது.

"ஏங்க, பிரேக் புடிக்காத வண்டி நல்ல வண்டியா?"

"ஆளுக்கு ஒண்ணும் ஆகலையில்ல?"

"அது சாமி காப்பாத்துனதுங்க."

"சாமி எல்லா வண்டியையுமா காப்பாத்துறாரு? அந்த வண்டியத்தான காப்பாத்தியிருக்காரு!"

சன்னதி முன்னால் மாலையோடு நிற்கிற வண்டியைப் பற்றி எவன் குறை சொல்வான்? குறையுள்ள வண்டி வைத்திருப்பவன் ஒட்டன்சத்திரத்தில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருப்பான், இவரிடம் வந்து சேர்ந்திருக்கவே மாட்டான். நாலு நோட்டு நிரம்பியது. அத்தனை வண்டியும் நல்ல வண்டி. அப்படியானால் ஒன்றை வாங்க வேண்டியதுதானே என்றால், "இத்தனையும் நல்லதா இருந்தா எத வாங்குறது?" என்று அதையே ஒரு கஷ்டமாகச் சொன்னார்.

சரி, நானும் என் பங்குக்கு விசாரிப்போம் என்று இறங்கினேன். அப்போது கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பியானோ, கட்டில், கம்பளி, கார் எல்லாவற்றையும் பங்களா வாசலில் போட்டு விற்றுவிட்டுப் போவார்கள். முட்டைக்கோஸ் மூட்டையோடு என்னைப் பார்க்க பஸ்ஸில் வந்த அம்மா, "ஒரு வெள்ளைக்காரம்மா கார் சும்மா கெடக்குடி. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போனதத் தவிர வேற சோலியே பாத்ததில்ல" என்று தகவல் கொண்டுவந்தாள்.

வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். "மலையிலேயே ஓடுன வண்டி. அதுக்கு மூச்சு வாங்கும்."

"அப்ப கீழ ஓடுன வண்டியாப் பாருங்க."

"கீழ ஓடுன வண்டி மலை ஏறாது."

எனக்குக் கோபம் வந்தால் நல்ல வார்த்தை வராது. "அப்ப பாதி மலையில பொறந்த வண்டியாத்தான் தேடணும்! மலை ரோட்டுல டைகர் சோலையில போயி உக்காந்துக்கங்க, என்னைக்காவது ஒண்ணு குட்டி போடும்!" என்றேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு வருஷம் மூன்றானது, மூன்று ஐந்தானது. அம்மா நாலு தடவை வந்துவிட்டாள். அப்பா வரவில்லை. தெருவில் ஒருத்தி தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சாவகாசமாக, "உங்கப்பாருக்கு உன் வீடு ஆகாதோ?" என்று கேட்டாள். நான் பதிலுக்கு ஏதோ கடுமையாகச் சொல்லிவிட்டு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். எங்கள் மாடியில் நின்றால் தெற்கே அந்த மலை முழுவதும் தெரியும். அதற்கு மேலேதான் அப்பா இருக்கிறார். நான் சமைக்கிற அடுப்பை, படுக்கிற அறையை, நான் வைத்த முருங்கையை, எதையும் அவர் பார்த்ததில்லை. என்னை எங்கே கொடுத்தோம் என்று அவர் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். வேறு எதையும் நான் அந்தக் காரிடம் எதிர்பார்க்கவில்லை. அடுத்த தடவை வந்தபோது அம்மா, "இந்தக் கார்த்திகையிலேருந்து முழங்கால் புடிச்சுக்கிச்சுடி. ஏணியில ஏற மாட்டேங்குறாரு" என்று சொன்னாள். அன்றிலிருந்து எனக்குள் ஒரு அவசரம் புகுந்துகொண்டது. இப்போது வராவிட்டால் இனி வரவே மாட்டார் என்று பயந்தேன்.

என் நச்சரிப்புத் தாங்காமல் வீட்டுக்காரர் வண்டி பார்க்க ஆரம்பித்தார். ஆனால் எங்கள் வீட்டில் பூக் கேட்காமல் எதுவும் நடக்காது. எனக்கே கேட்டுத்தான் பெண் பார்க்க வந்தார்களாம். ஒரு பொட்டலத்தில் மல்லிகை, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் வாழைச் சருகில் ஒரேமாதிரி மடித்து, நார் சுற்றி, பிள்ளையார் காலடியில் வைக்க வேண்டும். கோயிலுக்கு வந்த ஏதாவது ஒரு குழந்தை ஒன்றை எடுத்துத் தரும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை, அதை அப்படியே மரத்தடியில் போட்டுவிடுவார்கள்.

பொட்டலம் கட்டுவது என் வீட்டுக்காரர்தான். பூ எங்கள் கடைப் பூதானே. முதல் வண்டிக்குக் கேட்டார், சிவப்பு. இரண்டாவதற்கும் சிவப்பு. மூன்றாவதற்கும் அதேதான். எருமை வாங்கக் கேட்டபோது முதல் தடவையே வெள்ளை கொடுத்த பிள்ளையார், பிளஷர் என்றால் மட்டும் ஏன் முறைக்கிறார்? என் அப்பா மேல் அவருக்கு என்ன கோபம்? நான் செவ்வாய்க்கிழமை விரதமெல்லாம் இருந்து பார்த்தேன்.

நாலாவது வண்டிக்குக் கேட்ட அன்றும் சிவப்புதான். வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு, "அவன் விருப்பம்" என்று விபூதி பூசிக்கொண்டு முன்னால் போனார். எனக்கு ஆத்திரம். எடுக்காத பொட்டலம் தட்டிலேயே கிடந்தது. அதில் நல்ல மல்லிகை இருக்குமே, மரத்தடியில் போடுவானேன், தலையிலாவது வைத்துக்கொள்வோம் என்று எடுத்துப் பிரித்தேன்.

உள்ளே சிவப்பு அரளி!

இரண்டிலுமே அரளியை வைத்துக் கட்டியிருக்கிறார். பழசெல்லாம் மனசுக்குள் வேகமாக ஓடியது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பஸ்ஸை விட்டு இறங்கும்போது இவர் கண்ணைப் பாதி மூடி, உதடு அசைய, நெற்றி வியர்க்க இறங்கினார். "எவ்வளவு பக்தியான மாப்ள பாரு" என்று செண்பகனூரே சொன்னது. கல்யாணத்துக்கு வந்தார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மலை ஏறவில்லை. பொங்கலுக்குக் கூப்பிட்டாலும் தீபாவளிக்குக் கூப்பிட்டாலும், "கடைய யாரு பாக்குறது?" என்பார். கடையைப் பார்க்க அவருக்கு இரண்டு தம்பிகள் இருந்தார்கள்.

மனுஷனுக்கு மலைப்பாதை என்றால் பயம். முழுப் பூசணிக்காயை ஏழு வருஷமாகச் சோற்றில் மறைத்திருக்கிறார்.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம் என்று என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன தின்றுவிடவா போகிறேன்? பிள்ளையாரைப் பொய்ச் சாட்சி சொல்ல வைத்து, என்னை விரதம் வேறு இருக்க வைத்தாரே! அந்த அரளியை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் கோபத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு மாதம்தான்.

அப்போதுதான் திண்டுக்கல் வக்கீலின் கறுப்பு வண்டி வந்தது. அதில் குறை கண்டுபிடிக்க என் வீட்டுக்காரர் மூன்று நாள் முயன்றார். முடியவில்லை. "எதுக்கும் பூக் கேட்டுருவோம்" என்றார்.

"கேளுங்க, கேளுங்க. வெள்ளனே போயிக் கேப்போம்" என்றேன்.

மறுநாள் காலையில் அவர் இரண்டு பொட்டலம் கட்டிக் கூடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நானும் பூக்கடை மருமகள்தான். எனக்கு நார் முடிச்சுப் போடத் தெரியாதா? அவர் நாலு சொம்பு தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் இரண்டிலும் மல்லிகை வைத்துக் கட்டிவிட்டேன். பாவம் என்று தெரியாமல் செய்யவில்லை. பிள்ளையாரே, என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், என் அப்பா ஒரு தடவை வந்து போகட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் செய்தேன்.

கோயிலில் ஒரு சின்னப் பெண் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. குருக்கள் பிரித்தார். மல்லிகை.

என் வீட்டுக்காரரின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். வாய் திறந்தது திறந்தபடி நின்றது. பிறகு, யாரும் செய்யாத காரியமாக, பாய்ந்து இன்னொரு பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்தார். அதிலும் மல்லிகை.

குருக்களுக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "என்னய்யா இது, ரெண்டும் வெள்ளையா? பிளஷர் வாங்கணும்னு ஆசையா இருந்தா வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே! சாமியை எதுக்கய்யா ஏமாத்தறீர்?"

இவர் என்ன சொல்வார்? "நான் ரெண்டும் சிவப்புல்ல வச்சேன்" என்று சொல்ல முடியுமா? கள்ளனுக்குத் தேள் கொட்டினதுபோல் நின்றார்.

"இது செல்லாது. இன்னொரு நாள் ஒழுங்கா கட்டிண்டு வாரும்" என்றார் குருக்கள்.

"வேணாம் சாமி, வேணாம்!" என்று என் வீட்டுக்காரர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "உத்தரவு ஆயிருச்சு. இனிமே கேக்க ஒண்ணுமில்ல."

எழுந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். சிவப்பை வெள்ளையாக்கியது சாமிதான் என்று அவர் நம்பினார், இன்றைக்கும் நம்புகிறார். நான் சொன்னதில்லை. அவர் தம் கையால் எழுதிய நோட்டைத் தவிர வேறு எதையும் படிக்கிறவர் இல்லை, அதனால் இங்கே எழுதுவதில் எனக்குப் பயமும் இல்லை.

கார் வந்தது. வக்கீலிடம் இருந்த டிரைவரே எங்களிடமும் வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை செண்பகனூருக்குக் கிளம்பினோம். மலை ஏறத் தொடங்கும் இடத்தில் என் வீட்டுக்காரர் முன் சீட்டில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடினார். "முருகா, முருகா" என்ற சத்தம் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கூடியது. இரண்டு இடத்தில் டிரைவர் பயந்து காரை நிறுத்திவிட்டு, "ஐயாவுக்கு என்னம்மா செய்யுது?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, பக்தி. நீங்க ஓட்டுங்க" என்றேன்.

எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றதும் அம்மா ஆரத்தியோடு ஓடி வந்தாள். அப்பா மெதுவாக வந்தார். முழங்கால் மடங்கவில்லை. நான் நினைத்ததைவிட இளைத்திருந்தார். ஆனால் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கைத்தடியால் டயரைக் குத்தினார்.

"டயர் தேஞ்சிருக்கே."

"புது டயருங்க மாமா" என்றார் மருமகன், இன்னும் முகம் வெளுத்தபடி.

"பேரிக்குக் கவாத்து பாக்கி கெடக்கு. நாளைக்குச் சனிக்கிழமை வேற. பழனியில வெயிலு எப்பிடி? எனக்கு வெயிலு ஒத்துக்காது."

ஏழு வருஷம் கழித்து வெயிலா? எனக்குப் புரியவில்லை. அம்மாதான் என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய் விஷயத்தை உடைத்தாள். "உங்கப்பாரு போளூர்ல பொறந்து இங்கன வந்ததோட சரி. இந்த மலைய விட்டு எறங்குனதே இல்லடி. மலை ரோட்டுப் பள்ளத்த நெனச்சாலே அவருக்குத் தல சுத்தும். பூ விக்கிற மாப்ள எங்க கார் வாங்கப்போறாருனுதான் அன்னைக்கு அப்பிடிச் சொன்னாரு."

"ஏணி மேல நிக்கிறவருக்கா?"

"ஏணி பன்னெண்டு அடிதானடி!"

சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர், இரண்டு பேரும் ஒரே பள்ளத்துக்குப் பயந்துகொண்டு, நடுவில் ஒரு காரை நிறுத்தி என்னை ஏழு வருஷம் ஏங்க வைத்திருக்கிறார்கள். நேராகக் கொல்லைப்புறம் போனேன். அப்பா பேரி மரத்தடியில் கல்லில் உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்டத்தான் போனேன். கிட்டே போனதும் திட்டு வரவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். இரண்டு பொட்டலத்திலும் அரளி இருந்ததையும், இரண்டிலும் நான் மல்லிகை வைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"சாமிகிட்டயேவா தாயி?"

"ஆமாப்பா."

"பாவமாச்சே."

"பாவந்தான். என் வீட்ட நீங்க பாக்கணும். அதுக்காகச் செஞ்சேன்."

கைத்தடியை ஊன்றி எழுந்தார். உள்ளே பார்த்து, "ஏய், என் கோட்டையும் மப்ளரையும் எடு" என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்தார். பழனி வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு எதற்கு என்று அம்மா கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை.

பின் சீட்டில் நடுவில் நான், ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா. செண்பகனூர் கடைசி வீடு தாண்டியதும் அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். முன் சீட்டில் முருகா, முருகா. வெள்ளி அருவி வந்தது, டைகர் சோலை வந்தது, கீழே வெகு ஆழத்தில் வயல்களும் கண்மாய்களும் தெரிந்தன. அத்தனையையும் பார்த்துக்கொண்டு வந்தது டிரைவரும் நானும்தான். அம்மா நிஜமாகவே தூங்கிவிட்டாள். "எல்லாரும் தூங்கிட்டாங்களாம்மா?" என்று டிரைவர் கேட்டார். "ஆமாங்க, நீங்க தூங்கிறாதீங்க" என்றேன்.

வத்தலக்குண்டில் என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து, ஜம்பமாக இறங்கிச் சோடா குடித்தார். "மாமா, சமவெளி வந்துருச்சு, கண்ணத் திறங்க" என்று கண்ணாடியைத் தட்டினார். அப்பா நம்பவில்லை. மலை என்றால் கடைசியில் ஒரு வளைவை ஒளித்து வைத்திருக்கும் என்றார். கோட்டுக்குள் வியர்த்துக் கொட்ட, கை மட்டும் என் மணிக்கட்டை விடாமல், அப்படியே வந்தார். இரண்டு மணி நேரம் கழித்து கார் எங்கள் தெருவில் நின்றது. குடம் தூக்கிக்கொண்டு போனவளும் நின்று பார்த்தாள்.

"அப்பா, வீடு வந்துருச்சு" என்றேன்.

அப்போதுதான் கண்ணைத் திறந்தார். அறுபது வயதில் மலையை விட்டு இறங்கி, அப்பா முதன்முதலாகப் பார்த்தது என் வீட்டு வாசலைத்தான்.